பைபர் வேலை கொடுக்கும் முன் எடையை எழுதி வாங்குங்கள்

ஹட்டனில் நானும் என் மச்சானும் மூன்று வருடமாக ஒற்றை ஆசன விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். அதன் வால் பகுதியைக் கண்டிப் பக்கத்துப் பைபர் பட்டறை ஒன்றிடம் கொடுத்து ஏமாந்தோம்.

நாங்கள் கேட்டது உள்ளே ரெஜிபோம் வகை நுரை, மேலே நெய்த கண்ணாடித் துணி, அதில் ஊறி இறுகும் பிசினாக எபொக்சி ரெசின். துணியும் ரெசினும் எடையில் ஏறக்குறையச் சமமாக இருந்தால் 5 கிலோவுக்குள் முடியும் வேலை. “கவலையை விடுங்கள் தம்பி, படகே செய்கிறவர்கள் நாங்கள்” என்று சொல்லி முதலாளி 45,000 ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டில் ‘பைபர் வேலை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

வந்த பொருள் பளபளவென்றுதான் இருந்தது. தூக்கியதுமே சந்தேகம் வந்தது. கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டால் 8.3 கிலோ! மூலையை அறுத்தோம். எபொக்சி அல்ல, தண்ணீர்த் தொட்டி செய்யும் பொலியெஸ்டர் ரெசினின் அதே நெடி. அதிலுள்ள ஸ்டைரீன் இந்த நுரையைக் கரைத்துவிடும். கரைந்து விழுந்த குழிகளைப் பட்டி போட்டு அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். 10 கிராம் துண்டொன்றை எரித்தோம். ரெசின் எரிந்தபின் மிஞ்சிய கண்ணாடி 3 கிராம். அதுவும் நெய்த துணியன்று, தாறுமாறாகக் கிடந்த வெட்டிழைப் பாய். அது தன் எடையைப் போல் இரண்டு மடங்கு ரெசினைக் குடிக்கும்.

“3 கிலோதானே கூடியிருக்கிறது” என்கிறார் முதலாளி. வால், எடைமையத்திலிருந்து 4 மீற்றர் பின்னால் இருக்கிறது. அந்த 3.3 கிலோவைச் சமன்செய்ய, 1.2 மீற்றர் முன்னாலுள்ள எஞ்சின் பக்கம் 11 கிலோ ஈயம் கட்ட வேண்டும். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட எட்டில் ஒரு பங்கு குறைந்த எங்கள் உயரத்தில் 14 கிலோ சுமை கூடுதல்! ஈயம் கட்டாவிட்டால் மூக்கு தூக்கி வேகமிழந்த விமானத்தை மீட்க முடியாமல் போகலாம். மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் தட்டான எலிவேட்டரின் பின்விளிம்பு கனத்தால், வேகத்தில் அது படபடத்து வாலையே முறித்துவிடக்கூடும். இது உயிர் சம்பந்தப்பட்ட வேலையென்று முதல் நாளே சொல்லியிருந்தோம். அதைக் கேட்டுக்கொண்டே இப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

முற்பணம் திரும்பவில்லை. ரெசின் வகை, துணி வகை, முடிந்த எடை மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். துணியை நீங்களே நிறுத்துக் கொடுங்கள். ரெசின் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பட்டி பூசும் முன் கட்டாயம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அறுத்த துண்டும் எரித்த இழையும் எங்கள் கொட்டகையில் இருக்கின்றன. பைபர் வேலை கொடுக்கப் போகிறவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.