"அஞ்சு வருஷ லைவ் சாண்ட்" வாங்கி நான் பட்ட பாடு

புதிதாக உப்புநீர் டேங்க் வைக்கிறவர்கள், அதுவும் சென்னையில் இருப்பவர்கள், யாராவது "டேங்க்கைக் கலைக்கிறேன், நல்லா செட்டான லைவ் சாண்ட் இருக்கு, கிலோ 250" என்றால் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லைவ் சாண்ட் என்றால் ஓடுகிற டேங்க்கின் மணல்; கழிவை முறிக்கும் பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியிருப்பது. 2,500 ரூபாய் போனது எனக்குப் பெரிதில்லை. நான்கு மாத வேலை போனதுதான் ஆறவில்லை.

நன்னீர் மீன் பல வருடமாக வளர்க்கிறேன். மரைன் இதுவே முதல் முறை. நாலடி டேங்க், சுமார் 250 லிட்டர். கொளத்தூரில் அலைந்து சாமான் வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவு காட்டும் கருவி) 1.025 பார்த்து, அடியில் காய்ந்த அரகோனைட் (சுண்ணாம்பு) மணல் பரப்பியாயிற்று. இனி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். லைவ் ராக், அதாவது உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு, நம் ஊரில் தொடக்கூடாத சமாச்சாரம். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே ஏற்கெனவே டேங்க் ஓட்டுகிறவர்களிடம் கொஞ்சம் மணல் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். வீட்டில் தயிருக்கு உறை மோர் வாங்குகிற மாதிரி.

இரண்டு பேர் சும்மாவே கொடுத்தார்கள். ஒருவர் டிபன் டப்பாவில் ஒரு கப் மணல், மேலே அவர் டேங்க் தண்ணீர். "மேலாப்புல ஒரு இன்ச்ல எடுத்தது. போற வழியில எங்கயும் நிக்காதீங்க, இன்னைக்கே போட்டுடுங்க" என்றார். அன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோப்பிபாட் (இறால் இனத்துக் குட்டி உயிரிகள்) ஓடிக்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆசை யாரை விட்டது? மூன்றாவது ஆள் பத்து கிலோ தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் பெயின்ட் பக்கெட்டில் மூடி இறுக்கிப் போட்டு வெயில் விழும் மாடிப்படியில் வைத்திருந்தார். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். மணலில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். "என்னங்க இது?" என்றேன். "அது கடல் வாசனை ப்ரோ, மெச்சூர் ஆனா அப்படித்தான்" என்றார். நானும் தலையாட்டினேன், பாருங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்ஸிஜன் எட்டாத அடிமணலில் உருவாவது. நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், அது மேல்மணலில்தான் நன்றாக இருக்கும். அவர் டேங்க்கை அடிவரை வழித்து எனக்கு விற்றிருக்கிறார். குப்பை அள்ளியதற்குக் கூலியும் நானே கொடுத்திருக்கிறேன்.

எட்டு கிலோ போட்டேன். மூன்றாம் நாள் அமோனியா 2 பிபிஎம். சரி, சைக்கிள் ஆகிறது, பாக்டீரியா பெருகி அமோனியாவை முறிக்கும் வரை இப்படித்தான் என்று தேற்றிக்கொண்டேன். கோப்பிபாட் காணாமல் போனபோதும் உறைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இரண்டு க்ளவுன் மீன், நத்தைகள், ஒரு க்ளீனர் இறால் விட்டேன். மறுநாள் நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. இறால் இரண்டு நாள் தாங்கியது. மீன்களோ ஜம்மென்று தீனி கேட்டன. மீன் பிழைத்து, நத்தையும் இறாலும் மட்டும் சாகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காப்பர், அதாவது மீன் நோய்க்குப் போடும் தாமிர மருந்து. இதை டிபன் டப்பா நண்பர்தான் சொன்னார்.

மூன்று பேர் மணலையும் ஒன்றாகக் கொட்டியது என் முட்டாள்தனம். "என் மணல்தான்னு எப்படிச் சொல்றீங்க ப்ரோ?" என்று பக்கெட் மணல் விற்றவர் கேட்டபோது வாயடைத்துப் போனேன். நல்ல வேளை, பக்கெட்டில் இரண்டு கிலோ மிச்சம் இருந்தது. அதில் கொஞ்சத்தைப் புது உப்புநீரில் நான்கு நாள் ஊறவைத்து, காப்பர் கிட்டில் சோதித்தேன். நிறம் மாறியது. மணல் போடாத அதே உப்புநீரில் மாறவில்லை. படம் அனுப்பியதும் ஒத்துக்கொண்டார்: "போன வருஷம் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தப்ப மருந்து போட்டேன், அதான் மீன் பொழச்சுதே." அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சுண்ணாம்பு மணல் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மருந்து எப்போதோ போட்டது என்பதெல்லாம் பதிலே இல்லை. வெள்ளைப்புள்ளிக் கிருமியும் மீனை விட்டு விழுந்து, மணலில் கூடு கட்டி வாரக்கணக்கில் கிடக்கும்; கூட்டுக்குள் இருப்பதைக் காப்பர் தொடாது. என் மீன்களுக்கு அது வராதது அதிர்ஷ்டம்தான்.

யாரிடம் மணல் வாங்கினாலும் "இந்த டேங்க்கில் எப்போதாவது காப்பர் போட்டீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அந்த டேங்க்கில் இறாலோ நத்தையோ உயிரோடு ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். ஓடுகிற டேங்க்கிலிருந்து உங்கள் எதிரிலேயே மேல்மணலை அள்ளித் தரட்டும். ஒரு கப் போதும், கிலோக்கணக்கு வேண்டாம். பழைய மணலாக இருந்தால் அதோடு ஐப்டேசியா (சீக்கிரம் பரவும் கடல் அனிமோன்), தட்டைப்புழு போன்ற வேண்டாத விருந்தாளிகளும் வரலாம், அதனால் மீன் இல்லாத ஒரு வாளியில் பம்ப் ஓடவிட்டுச் சில வாரம் கவனித்தபிறகு டேங்க்கில் போடுங்கள். மீனே இல்லாமல் 76 நாள் வைத்தால் வெள்ளைப்புள்ளிக்கும் பயப்பட வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

மீன்களை நண்பர் வீட்டில் விட்டிருக்கிறேன். பழைய மணல் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. புது மணல், டிபன் டப்பா நண்பர் கொடுத்த இன்னொரு கப், இன்று 19-ஆம் நாள். நேற்று ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியில் இரண்டு கோப்பிபாட் பார்த்தேன்.