மாட்டுக்கு இரும்புச்சத்துப் பொடி வாங்கலாமா?

விலை குறைந்திருக்கிறதே, அந்த இரும்புச்சத்துப் பொடியை வாங்கலாமா என்று குலசேகரத்தில் மாடு வளர்க்கும் நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு வியப்பு. எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு அதைத் தின்றுதான் தேறியது என்று அவரிடம் பலமுறை சொன்னவன் நான்தான்.

அது உண்மை. உண்ணிக் காய்ச்சலில் இமையின் உட்புறம் தாள்போல் வெளுத்துக் கிடந்த பசு அது. காய்ச்சலுக்கு ஊசி போட்ட கால்நடை மருத்துவர் இந்தப் பொடியையும் எழுதிக்கொடுத்தார். இமை மெல்லச் சிவந்தது, பாலும் திரும்பியது. அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

ஆனால் உறையில் அச்சடித்திருக்கிறார்களே, 'செரிமானம் கூடும், வயிற்று வாயு குறையும்' என்று, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும்? மாட்டின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் புல் நன்றாக நொதித்தால் கரியமில வாயுவும் மீத்தேனும் கூடத்தான் வரும். ஆய்வகங்களில் வயிற்று நீரோடு தீவனத்தைக் கண்ணாடிக் குழலில் அடைத்து, 39 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, எழும் வாயுவை அளந்துதான் அது எவ்வளவு செரிக்கும் என்று கணிக்கிறார்கள். நலமான மாடு அந்த வாயுவை ஏப்பமாக விட்டுவிடும். ஏப்பம் தடைபட்டால்தான் உப்புசம். அதற்கு இரும்பு மருந்தே அல்ல.

வயிற்று நுண்ணுயிர்களுக்கும் இரும்பு வேண்டும், மிகக் கொஞ்சமாக. ஈரம் நீக்கிய தீவன எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இரும்பு இருந்தால் மாட்டுக்குப் போதும், 500ஐத் தாண்டினால் கெடுதல். இரண்டு பருவமழையிலும் இரும்பு நிறைந்த செம்மண் சேறு தெறித்த நேப்பியர் புல்லை அறுத்துப் போடுகிற நம் குமரி மாவட்டத்தில், நலமாக இருக்கும் மாட்டுக்கு இரும்பு பற்றாமல் போகுமா? பொடியில் இருப்பது ஃபெரஸ் சல்பேட், கந்தகம் கலந்த இரும்பு உப்பு. அந்தச் சல்பேட்டை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்ற வாயுவாக மாற்றுகின்றன. கொடுத்த நாட்களில் பசுவின் ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை அடித்தது. அதைவிடப் பெரிய கவலை, இரும்பும் கந்தகமும் கூடித் தாமிரச்சத்தை உடலில் சேரவிடாமல் செய்வது. தாமிரம் குறைந்தால் கண்ணைச் சுற்றி முடி வெளிறும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். உடல் தேறிய பிறகும் எத்தனை நாள் கொடுக்கலாம் என்று உறையில் ஒரு சொல் இல்லை.

பசுவை எழுப்பிவிட்ட பொடிக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் தருவேன். மறுபடி இரத்தம் குறைந்து மருத்துவர் எழுதித் தந்தால், வேறு கம்பெனியுடையதை வாங்குவேன்.