வண்டியைச் சூடாக்காமல் கொண்டு வாங்க

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் ஒரு வாரம் அப்பாவின் பழைய டீசல் பிக்கப்புக்கே சரியாகப் போய்விட்டது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நனைந்த மாடு மாதிரி உதறும். சைலன்சரில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடை, நாலு சிலிண்டரில் மூன்று மட்டும் ஓடுகிற அந்த நொண்டிச் சத்தம். ஐந்து நிமிடம் பொறுத்தால் எல்லாம் அடங்கிவிடும். அப்பா இதற்கென்றே விடியுமுன் எழுந்து வண்டியைச் சூடாக்கி வைத்துவிடுவார். ஒரு நாள் நான் சீக்கிரம் எழுந்ததால்தான் விஷயமே தெரிந்தது.

முதலில் போன பட்டறையில் நடந்தது பெரிய கூத்து. இருபது நிமிடம் ஓட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, “பம்பு போயிருச்சு சார், நாலு நாசிலையும் மாத்தணும்” என்றார்கள். பம்பு டீசலை அழுத்தி அனுப்புவது, நாசில் அதை சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்று பதில் வந்தது. சரி என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நான் வாழும் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கே முதலில் கம்ப்யூட்டரைச் செருகத்தான் ஓட்டை தேடுவார்கள். இந்த வண்டியில் அப்படி ஓட்டையே கிடையாது.

இரண்டாவது மெக்கானிக் வயதானவர். போனிலேயே, “இப்ப சூடா இருக்கா? அப்ப இன்னிக்குப் பார்த்துப் பிரயோசனம் இல்ல. சாயங்காலம் கொண்டு வந்து விட்டுட்டுப் போங்க, காலையில ஆறரைக்கு வாங்க. ஓட்டுறவரையும் கூட்டிட்டு வாங்க” என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்குப் பாதி நிம்மதி.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்ததும் எஞ்சினில் கையை வைத்துப் பார்த்தார், யாராவது ஸ்டார்ட் செய்திருக்கிறார்களா என்று. அப்புறம் அப்பாவிடம்தான் பேச்சு. புகை வெள்ளையா, கறுப்பா? டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்ப் அடித்தால்தான் கிளம்புகிறதா? கிளம்பி உடனே அணைகிறதா? கைப்பம்ப் தேவையில்லை, அணைவதும் இல்லை என்றதால் டீசல் லைனில் காற்று ஏறும் சந்தேகத்தைப் பெரும்பாலும் தள்ளிவிட்டார். வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் மீட்டரை வைத்தார். 10.4 வோல்ட். 9.6-க்குக் கீழே இறங்காதவரை பேட்டரியைக் குறை சொல்ல மாட்டாராம்.

வண்டி உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிடம் போனதும் குவளையில் விரலை நனைத்து, சிலிண்டர்களின் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளையிலும் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஒன்று, இரண்டு, நான்கில் சுர்ரென்று ஆவியானது. மூன்றாவதில் சொட்டு அப்படியே வழிந்து இறங்கியது. ஆக, மூன்றாவது சிலிண்டர் எரியவே இல்லை. உறுதி செய்ய நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் துளி தளர்த்தினார். மற்ற மூன்றிலும் எஞ்சின் இன்னும் தடுமாறியது. மூன்றாவதில் சத்தம் மாறவில்லை. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அவரே துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துத்தான் செய்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றினார். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். மற்ற மூன்றிலும் விளக்கு எரிந்தது, மூன்றாம் பிளக்கில் எரியவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

பனி பெய்யாத இடத்தில் ஹீட்டர் பிளக் எதற்கு என்று கேட்டேன். டீசலில் தீப்பொறி கிடையாது, காற்றை நசுக்குவதில் வரும் சூடுதான் டீசலைக் கொளுத்துகிறது. இந்த மாதிரி பழைய எஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழுவதில்லை, ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. காலையில் குளிர்ந்திருக்கும் அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிளக். உலோகம் சூடேறிய பிறகு பிளக்கின் தயவு தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகும் ரகசியம் இதுதான்.

பிளக்கைக் கழற்றும் வேலையை மட்டும் எஞ்சினைச் சூடாக்கிய பிறகு செய்தார். குளிரில் முறுக்கினால் நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிடும் பயம். வெளியே வந்த பிளக்கின் நுனி ஒரு பக்கமாகக் கருகி உருகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது தானா சாகல, நாசில் கொன்னிருக்கு.” நான்கு பிளக்கையும் எடுத்து, காலியான ஓட்டைகளில் கேஜைத் திருகி கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டர் காற்றை நசுக்கும் அழுத்தத்தையும், பார்த்தார். கம்ப்ரெஷன் குறைந்தாலும் இதே மாதிரிதான் காலையில் உதறுமாம். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில், குறையில்லாமல் இருந்தது. மூன்றாவது நாசிலை டெஸ்ட் பெஞ்சில் அடித்துக் காட்டினார். புகை மாதிரி பூவாக விரிய வேண்டிய டீசல், கோடாகப் பாய்ந்து நுனியில் சொட்டி நின்றது. ஆக, முதல் பட்டறை சொன்னதிலும் கால்வாசி உண்மை இருந்திருக்கிறது. ஒரு நாசிலுக்குப் பதில் நான்கையும், உடன் பம்பையும் என் தலையில் கட்டப் பார்த்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு நாசில் முனை, நான்கு ஹீட்டர் பிளக், நாசிலுக்கு அடியில் புது செம்பு வாஷர். பழைய சாமான்களைச் செய்தித்தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். பில் கேட்டால் மட்டும் சிரிக்கிறார், அது ஒன்றுதான் குறை.

கிளம்பும் நாள் காலையில் அப்பாவோடு நானும் போய் நின்றேன். டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “சத்தம் வேற மாதிரி இருக்கே” என்றார், குறை சொல்கிற குரலில்.