ஹோட்டல் கூடத்து ஜாஸும் லயக் காம்பிரா ஸ்பீக்கரும்

நுவரெலியாவில் ஹோட்டல் கூடத்தில் ஜாஸ் கேட்கப் போனால், பாதி ரசனை உட்காரும் இடத்தில்தான். வாத்தியங்களிலிருந்து 4 முதல் 6 மீற்றர் தள்ளி, டபிள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் பக்கமாக இருங்கள். மூலை மேசை வேண்டாம். தாழ்ந்த ஒலிகள் அங்கே தேங்கி, எந்த ஸ்வரமும் ஒரே முழக்கமாகவே கேட்கும்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊரின் உயரம் ஏறத்தாழ 1868 மீற்றர். இரவுக் குளிரில் சாக்ஸபோனின் சுருதி இறங்கும், தந்தியின் சுருதி ஏறும். முதல் உருப்படி சற்றுப் பிசகினாலும் பொறுத்திருங்கள். குழல் மூச்சில் சூடேறியதும் இரண்டும் சேர்ந்துவிடும். மலையகத்துக் காமன் கூத்துக்கு முன் தப்பு என்ற பறையை நெருப்பில் காய்ச்சுகிறார்களே, அதுவும் சுருதியை ஏற்றத்தான்; அங்கே சூட்டில் தோல் உலர்ந்து இறுகுகிறது. ஹோட்டல் கூடத்தின் பெரிய குறை, மெல்லிய வாசிப்பின்போது கோப்பையும் கரண்டியும் எழுப்பும் சத்தம்.

வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பிராவில்? டபிள் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹேர்ட்ஸ். கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஊமை. அடித்தந்தியோடு சேர்ந்தெழும் உயர்ந்த ஒலிகளை வைத்துக் காது அந்தச் சுருதியை ஊகித்துக்கொள்ளும், நெஞ்சில் அதிர்வு விழாது. தகரக் கூரையில் மழை பெய்தால் சிம்பலைத் தடவும் பிரஷ் ஒலி முற்றிலும் மறைந்துபோகும். காதை மூடும் வயர் ஹெட்ஃபோன் போதும், கேளாத தாழ்ந்த ஒலிக்கும் மழைச் சத்தத்துக்கும் பெருமளவு தீர்வு.

பியானோ, பேஸ், ட்ரம்ஸ் மூவர் இசையை ஹெட்ஃபோனில் தாராளமாகக் கேட்கலாம். பரிசோதனை இசையை மட்டும் நேரில் கேளுங்கள். தந்தியைச் சுரண்டுவதா, மரத்தைத் தட்டுவதா என்று கண் பார்க்கும்போதுதான் இடையில் வரும் நீண்ட மௌனமும் வாசிப்பாகிறது.