நானோ வடிவப் பிளாஸ்டிக்: மோல்டிங்கா, எம்போசிங்கா, ரோலா?

சில நூறு நானோமீட்டர் அளவுள்ள மேடு பள்ளங்களைப் பிளாஸ்டிக்கில் லட்சக்கணக்கில் பதிக்க மூன்று வழிகள் நிலைத்திருக்கின்றன: இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்துவது), ஹாட் எம்போசிங் (சூடாக்கி இளகவைத்த பிளாஸ்டிக்மேல் அச்சை அழுத்துவது), ரோல்-டு-ரோல் யூவி பதிப்பு (ஓடும் படலத்தில் பூசிய திரவ ரெசினில் உருளையால் வடிவம் பதித்து, புற ஊதாக் கதிரால் இறுக வைப்பது). பலரும் வேகத்தை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: வடிவத்தின் உயரம் அதன் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு?

சிடி தட்டின் குழி சுமார் அரை மைக்ரோமீட்டர் அகலம். ஆழம் அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பாலிகார்பனேட், 0.3 மி.மீ. தடிமனுள்ள நிக்கல் ஸ்டாம்பர்மேல் (வடிவம் பொறித்த அச்சுத் தகடு) பாய்ந்து சில நொடிகளில் தட்டாக வெளியே வருகிறது. இப்படி ஆழம் குறைந்த வடிவத்துக்கு மோல்டிங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. திரவ மாதிரிகளைச் சோதிக்கும் பிளாஸ்டிக் சிப்புகளுக்கும் இதுதான் ஏற்றது: குழாய் செருகும் துளையும் விளிம்பும் அதே ஷாட்டில் (ஒரே வார்ப்பில்) கிடைத்துவிடும்.

உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கானால் நிலைமை வேறு. குளிர்ந்த அச்சைத் தொட்டதும் உருகிய பிளாஸ்டிக்கின் 200 நானோமீட்டர் மேல்தோல் ஒரு மைக்ரோ நொடிக்குள் உறைகிறது. குழி பாதிதான் நிரம்பும். அழுத்தத்தைக் கூட்டினாலும் பெரிய பலன் இருக்காது. நிரம்பும் நேரத்தில் அச்சின் வெப்பத்தைப் பிளாஸ்டிக் இளகும் நிலைக்கு மேலே (பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 145, பிஎம்எம்ஏ எனும் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 105 டிகிரி) வைத்து, பிறகு குளிர்விக்க வேண்டும். சுழற்சி நேரம் பல மடங்கு நீளும். ஸ்டாம்பருக்குப் பின்னால் வெப்பத்தை எளிதில் கடத்தாத மெல்லிய பாலிஇமைடு பிளாஸ்டிக் தாள் வைத்து உறைவதைத் தள்ளிப்போடுவது மலிவான மாற்று. நடுத்தர உயரங்களுக்கு முதலில் இதை முயல்வதே நல்லது.

ஹாட் எம்போசிங்கில் நிரப்புவது எளிது. 1995இல் ஆய்வாளர் ஸ்டீபன் சௌவின் குழு பிஎம்எம்ஏவில் 25 நானோமீட்டர் வரை பதித்துக் காட்டியது. அச்சிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் சிக்கல். பிளாஸ்டிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 70 மைக்ரோமீட்டர் சுருங்கும், நிக்கல் 13தான். 105இலிருந்து 75 டிகிரிக்குக் குளிர்ந்தால், மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளியுள்ள இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 85 மைக்ரோமீட்டரை எட்டும். பதிந்த நானோ தூண்கள் சாய்வதும் முறிவதும் ஓரத்தில் தொடங்குவது இதனால்தான். இளகும் நிலைக்குச் சற்றுக் கீழேயே பிரியுங்கள். சுவர்களுக்குச் சில டிகிரி சரிவு கொடுங்கள். ஒரு பதிப்புக்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், வடிவமைப்பைச் சோதிக்கவும் சிறு தொகுதிக்கும் மட்டுமே இது.

பரப்பளவுதான் சரக்கு என்றால் ரோல்-டு-ரோல். 0.3 மீட்டர் அகலப் படலம் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடினால் 3 சதுர மீட்டர் கிடைக்கும்; 5 நொடிக்கொரு சிடி எடுக்கும் இயந்திரம் தருவது சுமார் 0.14. அடிப்படலமாகும் பிஇடி (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) சுமார் 320 நானோமீட்டருக்குக் குறைந்த கதிரை விழுங்கிவிடும். நிக்கல் உருளையோ ஒளி புகாதது. ஆகவே 365 அல்லது 395 நானோமீட்டர் எல்இடியைப் படலத்தின் பக்கமிருந்து அடித்து, அதற்கேற்ற ஒளித்தூண்டியை (ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் பொருள்) ரெசினில் சேர்க்க வேண்டும். அக்ரிலேட் ரெசினை ஆக்சிஜன் இறுகவிடாது. படலம் மூடிய நடுப்பகுதி தப்பிக்கும். திறந்த ஓரம் பிசுபிசுப்பாகவே நின்று உருளையில் ஒட்டி, அடுத்த சுற்றுகளையும் கெடுக்கும். ஓரத்தில் நைட்ரஜன் வீசினால் தீரும். நிக்கல் தாளைச் சுற்றி ஒட்டிய உருளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தையல் கோட்டை விடும். நேரடியாக ஆனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் மேற்பரப்பில் நுண்குழிகள் உண்டாக்கிய) அலுமினிய உருளையில் அது வராது. அந்துப்பூச்சியின் கண்ணைப் பின்பற்றி நுண்கூம்புகள் பதித்த பிரதிபலிப்பு தடுப்புப் படலங்கள் அப்படித்தான் தயாராகின்றன. ஆனால் விரல் எண்ணெய் அந்தக் கூம்புகளுக்கிடையே புகுந்தால் பலன் போய்விடும். அழுத்தித் துடைத்தால் கூம்பே மடியும். தொடுதிரையின் வெளிப்பக்கத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.