வெள்ளைப்படுதலுக்கு வெட் மவுண்ட்டா, கிராம் ஸ்டெயினா?

வெள்ளைப்படுதல்னு வர்றவங்ககிட்ட டாக்டரம்மா பஞ்சுக்குச்சியில எடுத்து அனுப்புற ஸ்வாப்ப ரொம்ப நாளா லேப்ல நாங்க கிராம் ஸ்டெயின்ல மட்டும்தான் பாத்துட்டு இருந்தோம். இப்ப மைக்ராஸ்கோப்ப அவங்க ரூமுக்குப் பக்கத்துலயே கொண்டு போய் வெச்சு, முதல்ல வெட் மவுண்ட், தேவைப்பட்டா கிராம்னு மாத்திட்டோம். மாத்தணும்னு அடம் பிடிச்சதே நான்தான், அதனால என் மனசு வெட் மவுண்ட் பக்கம்தான்னு முன்னாடியே சொல்லிடுறேன்.

தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் தாண்டிடலாம். ஸ்வாப்ப ஒரு சொட்டு சலைன்ல (உப்புத் தண்ணி) கலக்கி கவர் ஸ்லிப் போட்டு 10, 40 லென்ஸ்ல பாத்தா வெட் மவுண்ட். ஸ்லைடுல தடவி காயவெச்சு சாயம் போட்டு 100 லென்ஸ்ல எண்ணெய் விட்டுப் பாத்தா கிராம். செலவு, வேலை ரெண்டுமே வெட் மவுண்ட்ல கம்மி. ரெண்டுமே கேன்சர் பாக்கறதுக்கு இல்ல, அதுக்கு பாப் ஸ்மியர், ஹெச்பிவி டெஸ்ட்னு தனி வழி இருக்கு.

என்ன முடிவு பண்ண வெச்சது ஒரே ஒரு விஷயம், கிருமிய உயிரோட பாக்கறது. டிரைக்கோமோனாஸ்ங்கறது உடலுறவு மூலமா பரவுற ஒரு ஒட்டுண்ணி, சைஸ்ல கிட்டத்தட்ட சீழ் செல் மாதிரியே இருக்கும், அசையாம கிடந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம், சாயம் போட்ட ஸ்லைடுல கேக்கவே வேணாம். ஆனா புது சொட்டுல பாத்தா, சுத்தி எல்லாம் சும்மா கிடக்க ஒண்ணு மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டு பக்கத்து செல்ல இடிச்சுத் தள்ளிட்டுப் போகும், ஒரு தடவை பாத்தா மறக்காது. பிரச்சனை என்னன்னா எடுத்து பத்து நிமிஷம் தாண்டினாலே அந்த ஆட்டம் குறைய ஆரம்பிச்சிடும், சலைன் ஜில்லுனு இருந்தா இன்னும் சீக்கிரம். ஒரு நாள் ஸ்வாப் ஒரு மணி நேரம் மேஜை மேலயே கிடந்துச்சு, நான் சீழ் செல் மட்டும்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். அந்த அக்கா அதே எரிச்சலோட திரும்பி வந்தப்போ எடுத்த உடனே பாத்தா நாலஞ்சு நீந்துது. அவங்க அத்தன நாள் வலிய தாங்கிட்டு இருந்தது இன்னைக்கும் மனசுல உறுத்துது. பாக்கும்போது கண்டென்சர (ஸ்லைடுக்குக் கீழ வெளிச்சத்தக் குவிக்கிற லென்ஸ்) இறக்கி வெளிச்சத்தக் குறைக்கணும், பளிச்சுனு வெச்சா ஒண்ணுமே தெரியாது. இவ்வளவு செஞ்சும் பாதிக்குப் பாதி வரைக்கும் தவறிடலாம், அதனால இல்லன்னு வந்தா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, சந்தேகம் இருந்தா கிருமியோட மரபணுவத் தேடுற நாட் டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அத நாங்க வெளியதான் அனுப்புறோம், அதனால அத பத்தி நான் பெருசா பேசல.

கிராம் ஜெயிக்கிற இடம் பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது பிறப்புறுப்புல நல்ல பாக்டீரியா குறைஞ்சு மத்தது பெருகிடுற பிரச்சனை. 1991ல வந்த நியூஜென்ட் ஸ்கோர்ல நல்ல பாக்டீரியாவான லேக்டோபேசில்லஸ் எவ்வளவு, கார்டனெரெல்லா மாதிரி குட்டி ராடு (குச்சி வடிவ பாக்டீரியா) எவ்வளவு, வளைஞ்ச ராடு எவ்வளவுன்னு எண்ணி 10க்கு மார்க் போடுவோம், 7 இல்ல அதுக்கு மேல வந்தா இருக்குன்னு அர்த்தம். ஸ்லைட வெச்சிருந்து இன்னொருத்தர் கூட பாக்கலாம். வெட் மவுண்ட்ல ஓரமே தெரியாம பொடி தூவின மாதிரி இருக்கிற க்ளூ செல்ல (பாக்டீரியா அப்பின செல்) பாத்து, பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 4.5க்கு மேலயா, கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) விட்டா மீன் வாடை வருதா, வெள்ளைப்படுறது எப்படி இருக்குன்னு நாலுல மூணு சேத்துதான் சொல்லணும், இதுல ஆளுக்கு ஆள் கண்ணு மாறும். ஈஸ்ட்டுங்கற பூஞ்சைக்கு எனக்கு கேஓஹெச் சொட்டே போதும், செல் எல்லாம் கரைஞ்சு பூஞ்சை இழை தனியா நிக்கும்.

சின்னப் பொண்ணுங்க விஷயம் வேற. நான் பாத்தது விரல் விட்டு எண்ணுற அளவுதான். வயசுக்கு வராத குழந்தைக்கு பிஹெச் இயல்பாவே கூடுதலா இருக்கும், அதனால பெரியவங்க கணக்கு அங்க செல்லாது, டயப்பர் விட்ட பிறகு ஈஸ்ட்டும் அபூர்வம், எடுத்தவுடனே பூஞ்சை மருந்துன்னு போகக்கூடாது. அந்த ஸ்லைடுல டிரைக்கோமோனாஸ் மாதிரி ஏதாவது நீந்தினா ரிப்போர்ட் பேப்பர்ல எழுதிட்டுப் போற விஷயம் இல்ல. உடனே டாக்டர கூப்பிட்டு அவங்க கண்ணால காட்டணும், நாட் டெஸ்ட்ல உறுதி பண்ணணும், அந்தக் குழந்தைய யாராவது தப்பா தொட்டிருக்காங்களாங்கற கேள்வி அங்க கட்டாயம் எழும்.

இப்ப நான் செய்யறது, ஸ்வாப்ப முதல்ல ஒரு காஞ்ச ஸ்லைடுல உருட்டி ஒதுக்கி வெச்சிட்டு, உடனே சலைன் சொட்டுல கலக்கிடுறேன். வெட் மவுண்ட்ல தெளிவா தெரியலன்னா மட்டும் ஒதுக்கின ஸ்லைடுக்கு சாயம் போடுறேன்.