பழைய ஃபைபர்கிளாஸ் படகு: தேய்ப்பதா, கரைப்பதா?

சிங்கப்பூரின் சாங்கி பக்கம் நிற்கும் என் பாய்மரப் படகு 1980களில் வார்க்கப்பட்டது. வெள்ளை உடல் மங்கி, விரல் வைத்தால் மாவாக ஒட்டிக்கொள்ளும் நிலையில்தான் கைக்கு வந்தது. எப்படித் துலக்குவது என்று படகுத் துறையில் விசாரித்தால் இரண்டு கட்சிகள் இருப்பது தெரியும். காம்பவுண்ட் என்னும் அரைக்கும் பசையும் மெஷினும் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கறையை அமிலத்தால் கரைத்துவிட்டு மெழுகு பூசினால் போதும் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பளபளப்பில் காம்பவுண்டுக்கே வெற்றி. அதில் வாதமே இல்லை. செலவிலும் நேரத்திலும் கரைக்கும் வழி மலிவு. என் முடிவு இவற்றில் எதையும் வைத்து எடுத்ததல்ல. ஜெல்கோட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வைத்து எடுத்தது.

ஃபைபர்கிளாஸ் படகின் வெளித்தோல்தான் ஜெல்கோட். புதிதாக வார்க்கும்போதே அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைத்துப் பொடியாக்குகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தள்ளி இருக்கும் சிங்கப்பூரில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். ஆண்டு முழுவதும் நீரிலேயே கிடக்கும் படகுக்கு இந்தச் சிதைவிலிருந்து ஓய்வு கிடையாது. காம்பவுண்ட் என்பது நுண்ணிய அரம். அது பொடிந்த பகுதியை அரைத்தெடுத்து, கீழே இருக்கும் நல்ல ஜெல்கோட்டை மேலே கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் மேலே வருவது அடுத்த முறைக்கு இருக்காது.

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் போட்டுப் பழகிய தம்பி ஒருவர் இங்கே பட்டறையில் வேலை செய்கிறார். மெஷினில் இருந்த வெள்ளைப் பஞ்சைக் கழற்றிக் காட்டி, “அண்ணே, இதில் இருப்பது அழுக்கு இல்லை, உங்கள் படகு” என்றார். நாற்பது ஆண்டுப் படகை முன்பிருந்தவர்கள் எத்தனை முறை அரைத்தார்கள் என்று யாரிடம் கேட்பது? மூலைகளிலும் விளிம்புகளிலும் உற்றுப் பாருங்கள். கண்ணாடி இழையின் நெசவு நிழலாகத் தெரிந்தால் அங்கே மெஷினை வைக்கவே கூடாது. ஜெல்கோட் தீர்ந்துவிட்டால் மிஞ்சுவது இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் பெயிண்ட்தான். அதற்குப் பட்டறையில் கேட்கும் தொகை பல ஆயிரம் வெள்ளி.

கரைக்கும் வழியில் நாயகன் ஆக்ஸாலிக் அமிலம். மழைக்காலத்தில் ஜோகூர் பக்கத்து ஆறுகள் கலங்கிய நீரை நீரிணையில் கொட்டும்போது, படகின் நீர்க்கோட்டில் பழுப்பு மீசை முளைக்கும். அந்தக் கறையில் இரும்பும் மட்கிய இலைகளின் சாயமும் இருக்கின்றன. கைப்பிடிக் கம்பிகளின் அடியிலிருந்து வழியும் துருக்கோடும் இரும்புதான். ஆக்ஸாலிக் அமிலம் இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் உப்பாகிவிடுகிறது. ஜெல்கோட்டை அது அரைப்பதில்லை. களிம்பாகக் கிடைப்பதை வாங்கித் தடவி, சில நிமிடம் விட்டு, நல்ல நீரில் கழுவினால் போதும். எந்தத் தேய்ப்புமில்லாமல் மீசை மறைவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி உண்டு. சமையலறைப் பாத்திரங்களுக்கு விற்கும் பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பொடியிலும் இதே அமிலம் இருக்கிறது. ஆனால் அதில் அரைக்கும் துகளும் சேர்ந்திருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

ஆக்ஸாலிக் அமிலம் விளையாட்டுப் பொருளல்ல. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு எழும். ஆகவே பூஞ்சைக்குப் பிளீச் போட்ட நாளில் அமிலப் புட்டியைத் திறக்காதீர்கள். வெயிலில் காயவும் விடக்கூடாது. காலை நிழலில் சிறு சிறு பகுதியாகச் செய்வதே நல்லது.

குறையும் சொல்ல வேண்டும். அமிலம் பழைய மெழுகையும் எடுத்துவிடும். மறுபடி பூசியே ஆக வேண்டும். நம் வெயிலில் மெழுகு சில மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. சோம்பல் பார்க்கிறவர்களுக்கு இந்த வழி சரிவராது. மெழுகுக்குப் பதிலாக அக்ரிலிக் பூச்சு பூசுகிறவர்களும் உண்டு. அரைக்காமலே பளபளப்பு வரும் என்றாலும், கவனிக்காமல் விட்டால் மஞ்சளித்து உரியும், பிறகு அதை நீக்கத் தனி மருந்து வேண்டும் என்கிறார்கள். நான் அதைப் பூசியதில்லை. பூசியவர்கள் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேல்தளத்துக்கு மென்மையான தூரிகை, சோப்பு நீர், அவ்வளவுதான். வழுக்காமலிருக்க வார்த்த புள்ளிக் கோலத்தில் அழுக்கு தங்கும். பல திசைகளில் தேய்த்தால் வந்துவிடும். அங்கே காம்பவுண்டும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். ஈரத்தில் கால் வைத்தால் கடலுக்குள் போய்விடுவீர்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பழைய படகின் தளத்துக்குள் பெரும்பாலும் பால்சா மரக்கட்டை இருக்கும். ஆணிகளைச் சுற்றியுள்ள பசை காய்ந்து விரிந்திருக்கும் இடத்தில் பீச்சி நீரை உள்ளே தள்ளினால், மரம் வெளியே தெரியாமல் அழுகும். படகைக் கரையேற்றும்போது அடியிலுள்ள பாசியைக் கழுவ மட்டும் அந்தப் பீச்சி எனக்கு உதவுகிறது.

நீருக்கடியில் கணக்கு வேறாகத் தோன்றினாலும் கேள்வி அதேதான். நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் பாசி, கொட்டலசு, பச்சைச் சிப்பி எதுவும் ஓய்வெடுப்பதில்லை. இவை ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயிண்டில் இரண்டு வகை. கடினமான செம்புப் பெயிண்ட் அடித்தால், முக்குளிப்பவரை அழைத்து அழுத்தித் தேய்க்கச் சொல்லலாம். ஆனால் அது அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு நாள் செதில் செதிலாக உரியும். அப்போது சுரண்ட வேண்டியிருக்கும். சுரண்டும் கத்தி ஜெல்கோட்டில்தான் போய் நிற்கும். தானே கரைந்து போகும் வகைப் பெயிண்ட் அப்படிச் சேர்வதில்லை. அதனால் நான் அதையே அடிக்கிறேன். முக்குளிப்பவரிடம் மென்மையான துணி மட்டும் பயன்படுத்தச் சொல்கிறேன். முரட்டு நாரால் தேய்த்தால் பெயிண்ட் செந்நிற மேகமாக நீரில் கலப்பது கண்ணுக்கே தெரியும். காசும் செம்பும் கடலுக்குப் போகின்றன. வார இறுதிகளில் ஓடும் படகுக்கு இது பொருந்தும். மாதக்கணக்கில் நங்கூரத்திலேயே கிடக்கும் படகில் இந்தப் பெயிண்ட் சரியாகக் கரையாது. அவர்கள் கடினப் பெயிண்டையே யோசிக்கலாம்.

பழைய பெயிண்டை எதற்காகத் தேய்க்க நேர்ந்தாலும் நனைத்தே தேய்க்க வேண்டும். டிபிடி (ட்ரைபியூட்டைல் டின்) என்னும் நச்சு வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டுகளுக்கான உலகளாவிய தடை 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய படகின் அடி அடுக்குகளில் அந்த நஞ்சு இருக்கக்கூடும். தூசியாக மூச்சில் போகக் கூடாது.

என் பேச்சு வெள்ளைப் படகுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். கருநீலம், கரும்பச்சை உடல்களில் மங்கல் பளிச்சென்று தெரியும். அமிலம் கறையை எடுக்குமே தவிர, வெளிறிய நிறத்தை மீட்காது. அங்கே காம்பவுண்டைத் தவிர்க்க முடியாது. ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள்: நீர் பட்டதும் நிறம் திரும்பினால் மிக மெல்லிய காம்பவுண்டைக் கையால் ஒரு முறை போட்டு, உடனே மெழுகு பூசி மூடிவிடலாம்.